அடைக்கோழி கேள்வி-பதில்: முட்டை வைக்கும் இரவு முதல் கொத்தி விரட்டும் நாள் வரை

மலேசியாவின் பகாவ் நகரத்துக் குடியிருப்புத் தாமான்களிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கோழி நன்றாகத்தான் படுக்கிறது, குஞ்சுதான் கைக்கு நிற்கவில்லை என்பதே பெரும்பாலோர் குறை. கோழிக்கு அதன் வேலை தெரியும். நாம் கொடுக்கிற முட்டையிலும் இடத்திலும்தான் பாதிக் குஞ்சு போகிறது. கடிதங்களைச் சுருக்கித் தருகிறோம்.

லயத்து வீட்டில் வளர்க்கிற கோழி ரெண்டு நாளாகக் கூட்டை விட்டு இறங்கவில்லை. உடனே முட்டை வைக்கலாமா?

இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள் அக்கா. முட்டையிடுகிற கோழியும் சில சமயம் கூட்டில் நெடுநேரம் உட்காரும். அடைக்கு வந்த கோழியின் அடையாளம் வேறு. கிட்டப் போனால் உடம்பைத் தட்டையாக்கி இறகை விரிக்கும், அடித்தொண்டையில் கேறும், கையைக் கொத்தும். நெஞ்சுக்குக் கீழே இறகு உதிர்ந்து தோல் சூடாகத் தெரியும். எச்சம் நாளுக்கு ஒரு முறைதான், பெரிய கட்டியாக, கடும் நாற்றத்தோடு விழும். எல்லாவற்றையும்விட முக்கியம், இரவிலும் மேலேறித் தங்காமல் கூட்டிலேயே கிடக்கும்.

முதலில் கோல்ஃப் பந்தோ பிங்பாங் பந்தோ மூன்று நான்கு போட்டு வையுங்கள். மூன்று இரவு அதன்மேலேயே படுத்தால் நல்ல முட்டையை நம்பிக் கொடுக்கலாம். முதல் முறை படுக்கும் வெடைக்கோழிக்கு ஐந்து நாள் பார்ப்பது நல்லது. பாதியில் எழுந்து போவது பெரும்பாலும் அதுதான்.

இடம் மாற்றுவதாக இருந்தால் அந்தச் சோதனை நாள்களிலேயே, நன்றாக இருட்டிய பிறகு மாற்றுங்கள். பகலில் தூக்கி வைத்தால் பழைய இடத்துக்கே ஓடும். புது இடம் மற்ற கோழிகள் நுழைய முடியாததாக, நிழலாக, காற்றோட்டமாக இருக்கவேண்டும். சிங் (தகரக்) கூரைக்கு நேர்க்கீழே ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். மத்தியான வெக்கையில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, கடைசியில் இறங்கிவிடும். பெட்டி ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி நீளம் போதும். அடியில் இரண்டு கை மண்ணைப் போட்டு நடுவில் லேசாகக் குழியாக்கி, அதன்மேல் நன்றாகக் காய்ந்த லாலாங் புல்லைப் பரப்புங்கள். குழி இருந்தால் முட்டை ஓரத்துக்கு உருளாது. ஈரப் புல், பூசணம் பிடித்த வைக்கோல் வேண்டவே வேண்டாம். அந்தப் பூசணம் குஞ்சின் நுரையீரலுக்குப் போய்விடும். தேங்காய் நாரும் வேண்டாம், குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும்.

எத்தனை முட்டை வைப்பது? சேர்த்து வைத்த முட்டையைப் பெட்டியில் (ஐஸ்பெட்டி) வைத்திருந்தேன். பொரிக்குமா?

கம்பத்துக் கோழிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. கோழி படுத்தபின் மேலிருந்து பார்த்தால் ஒரு முட்டையும் கண்ணில் படக்கூடாது, அதுதான் அளவு. பதினைந்து வைத்தால் பதினைந்தும் பொரிக்காது, பன்னிரண்டும் பொரிக்காது. காரணம், கோழி தினமும் பலமுறை முட்டையைப் புரட்டி நடுவிலிருப்பதை ஓரத்துக்கும் ஓரத்திலிருப்பதை நடுவுக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் சூடு படாத முட்டை இன்று ஒன்று, நாளை வேறொன்று. இப்படி மாறி மாறி எல்லா முட்டையும் குளிர்ந்து கெடுகின்றன.

சேர்த்து வைப்பதில்தான் நம் ஊரில் அதிகம் தவறுகிறது. முட்டைக்குள் இருக்கும் கரு ஏறக்குறைய 21 டிகிரிக்கு மேல் மெல்ல வளரத் தொடங்கும். நம் வீட்டுச் சமையலறை பகலில் 30 டிகிரி. வளர்ந்தும் வளராமலும் கிடந்து கரு பலவீனமாகிவிடும். ஐஸ்பெட்டியின் உள்தட்டு நான்கைந்து டிகிரி, அது ரொம்பக் குளிர். அதில் வைத்ததில் சில பொரிக்கலாம், ஆனால் எண்ணி நம்ப முடியாது. வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், ஈர மணல் போட்ட மண்சட்டிமேல் ஒரு தட்டு வைத்து, கூர்முனை கீழாக நிறுத்தி வையுங்கள். நாளுக்கொரு முறை சாய்த்து வையுங்கள். இந்த வெப்பத்தில் ஐந்து நாளுக்கு மேல் வைத்திருந்த முட்டையை அடைக்கு வைக்காதீர்கள், குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டையைக் கழுவவேண்டாம். ஓட்டின்மேல் உள்ள மெல்லிய பூச்சுதான் கிருமியைத் தடுக்கிறது. அழுக்கு அதிகம் ஒட்டியது, கீறல் விழுந்தது, மிகப் பெரியது, நீண்டு உருமாறியது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். கடையில் வாங்கும் தட்டு முட்டை சேவல் சேராத பண்ணைக் கோழியுடையது, அது பொரிக்காது. உங்கள் சேவல் ஒன்றுக்கு எட்டிலிருந்து பத்துக் கோழி சரியான கணக்கு. சேவலை மாற்றியிருந்தால் பழைய சேவலின் விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் கோழியின் உடலில் தங்கியிருக்கும் என்பதால், மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டையே புதுச் சேவலின் குஞ்சைத் தரும்.

எல்லா முட்டையையும் ஒரே இரவில் வையுங்கள். 1ஆம் தேதி இரவு வைத்தால் 22ஆம் தேதி பொரிக்கும். நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், கூட்டில் ஆணியும் கரித்துண்டும் போடு என்கிறார் பாட்டி. உண்மையா?

இடிச் சத்தத்தால் கரு சாவதில்லை. ஆனால் பாட்டி கண்டது பொய்யில்லை. மாலையில் இடியோடு வரும் மழையில் கூரை ஒழுகி, கூடு நனைந்து, கோழி பயந்து எழுந்து, முட்டை சில்லிட்டுப் போகும். கெடுவது அதனால். ஆணியும் கரியும் போடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை, பாட்டி மனம் நோகாமல் போடுங்கள். கூடவே கூரையைப் பார்த்துவிடுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் ஒரு பலகையோ சாக்கோ கட்டுங்கள்.

கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை. சரியா?

சரியில்லை. முட்டையின் வடிவம் கோழியின் கருப்பையைப் பொறுத்தது. ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும்போதே முடிவாகிவிடும், ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நன்றாகப் படுத்திருந்த கோழி பத்தாம் நாள் எழுந்தது, திரும்பப் படுக்கவே இல்லை. ஏன்?

கையைக் கூட்டுக்குள் விட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் மிளகுத்தூள் சிந்தியது போல் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளிகள் ஓடி ஏறினால் அது கோழிச்செல். கோழியின் ஆசனவாயைச் சுற்றிய இறகு அடியில் கறுத்து ஒட்டியிருக்கும். அசையாமல் 21 நாள் கிடக்கும் கோழிதான் செல்லுக்கு நல்ல வீடு. ரத்தம் உறிஞ்சி உறிஞ்சி, தாங்க முடியாமல் கோழி முட்டையைக் கைவிடும். பொரித்த குஞ்சையும் அது முதல் வாரத்திலேயே கொன்றுவிடும்.

இன்னும் படுத்திருக்கும்போதே கண்டுவிட்டால் காப்பாற்றலாம். சாயங்காலம் முட்டையை எடுத்துத் துணி விரித்த பேசினில் வைத்து மேலே துணி போடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் அரை மணி நேரம் வெளியே இருந்தால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. கோழியும் தினமும் இருபது நிமிடம் இறங்கித்தான் மேய்கிறது. கூட்டுப் புல் முழுவதையும் எரித்துவிடுங்கள், மூலையில் போடாதீர்கள். பெட்டியில் கொதிநீரை ஊற்றித் துடையுங்கள். கோழிகளுக்கென விற்கும் பெர்மெத்ரின் தூளை இறகைப் பிரித்து ஆசனவாய்ப் பக்கம், இறக்கைக்கடியில் தூவுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி தூவுங்கள், செல்லின் முட்டை முதல் தடவை சாகாது. கொசு ஸ்பிரே, மண்ணெண்ணெய் இரண்டும் வேண்டாம். முட்டை ஓட்டில் நுண்துளைகள் உண்டு, உள்ளே போய்விடும்.

வராமல் தடுக்க, அடை வைக்குமுன் கோழிக்குக் காய்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்து ஒரு பழைய டயருக்குள் கொட்டிக் குளிக்க விடுங்கள். மழையில் நனைந்த சாம்பல் தோலைப் புண்ணாக்கும் என்பதால் கூரைக்குக் கீழ் வையுங்கள். புல்லுக்கடியில் வேப்பிலை போடும் வழக்கமும் நல்லதே, ஆனால் செல் ஏறிய பிறகு அது மட்டும் போதாது.

மற்ற கோழிகளும் அடைக்கோழி கூட்டில் முட்டையிடுகின்றன. எது பழையது, எது புதுசு?

வைக்கும்போதே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு போடுங்கள். மார்க்கர் மை வேண்டாம். தினமும் கோழி இறங்கும் நேரத்தில் கோடில்லாததை எடுத்துவிடுங்கள். புது முட்டையை விட்டால் ஒரு வாரம் பின்தங்கிய கரு கூட்டில் இருக்கும். முதல் குஞ்சுகள் வந்ததும் கோழி அவற்றோடு இறங்கிவிடும், பின்தங்கியது ஓட்டுக்குள்ளேயே சாகும்.

7ஆம் நாள் இரவு கைப்பேசி விளக்கில் பாருங்கள். கையால் வளையம் செய்து அகன்ற முனையை விளக்கோடு ஒட்டிப் பிடித்தால், நல்ல முட்டையில் சிலந்திக் கால்போல் சிவப்பு நரம்பு பரவியிருக்கும். ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். ரத்தம் வளையமாக நின்றிருந்தால் கரு தொடங்கிச் செத்தது. 14ஆம் நாள் மறுபடி பார்த்தால் உள்ளே பாதிக்கு மேல் இருண்டிருக்கும். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள்.

அடையில் இருக்கும் கோழிக்குத் தவிடு பிசைந்து வைப்பவர்கள் உண்டு. அதைவிட முழுச் சோளம் நல்லது. மெல்லச் செரிக்கும், எச்சம் கெட்டியாக இருக்கும், கூடு அசிங்கமாகாது. தண்ணீரும் தீனியும் நாலடி தள்ளி வையுங்கள், எழுந்து நடக்கட்டும். கொண்டை வெளுப்பதும் எடை குறைவதும் இந்த நாள்களில் வழக்கம்தான்.

22ஆம் நாள். ஒரு முட்டையில் ஓட்டை விழுந்து மூக்குத் தெரிகிறது, ஆறு மணி நேரமாக அப்படியே இருக்கிறது. உரித்து எடுக்கட்டுமா?

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் தம்பி. ஓட்டில் முதல் துளை விழுந்து குஞ்சு முழுசாக வெளிவர 12 மணியிலிருந்து 24 மணி வரை ஆகும். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இருப்பதாகத் தெரியும், இருப்பதில்லை. ஓட்டின் உட்சவ்வில் ஓடும் ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது, மீதி மஞ்சள்கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் சேர்க்கிறது. அதற்குமுன் உரித்தால் ரத்தம் வடியும், தொப்புள் மூடாமல் வெளியே தொங்கும், இரண்டு நாளில் செத்துவிடும்.

24 மணி நேரம் தாண்டி, உள்ளே குரல் கேட்டு, சவ்வு பழுப்பாக உலர்ந்து குஞ்சை இறுக்கியிருந்தால் மட்டும் தலையிடலாம். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துச் சவ்வை ஈரமாக்கி, அகன்ற முனைப்பக்க ஓட்டைச் சில்லுச் சில்லாக எடுங்கள். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் நிறுத்திக் கோழிக்கடியிலேயே வையுங்கள். மூக்குத் துளையில் தண்ணீர் படவிடாதீர்கள்.

பொரிக்கும் நாளில் முட்டைக்கு எறும்புதான் முதல் எதிரி. ஓட்டையில் வரும் வாசனைக்கு நெருப்பெறும்பு வரிசை கட்டும், குஞ்சை உள்ளேயே தின்றுவிடும். 18ஆம் நாளே பெட்டியை நான்கு கால் உள்ள மேசையில் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய டின்னில் நிறுத்துங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் எறும்பு மிதந்து கடக்காது.

பொரித்த குஞ்சைத் தீனிக்கென்று அவசரப்பட்டு எடுக்காதீர்கள். வயிற்றில் சேர்ந்த மஞ்சள்கருவே இரண்டு நாளுக்குப் போதும். அதனால்தான் கடைசிக் குஞ்சு வரும்வரை கோழி இறங்காமல் காத்திருக்க முடிகிறது. 23ஆம் நாள் முடிந்தும் மீதியிருப்பதை எடுத்துப் புதைத்துவிடுங்கள். கூட்டில் விட்டால் வெடிக்கும். பத்துக்கு ஏழெட்டு பொரித்தால் நல்ல கணக்கு, மனம் தளரவேண்டாம்.

முட்டைக்கோழித் தீனியையே குஞ்சுக்கும் போடலாமா? நொய்யும் சோறும் மட்டும் கொடுத்தால் என்ன?

முட்டைக்கோழித் தீனியில் ஓட்டுக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சுக்குத் தேவையானதைவிட மூன்று நான்கு மடங்கு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நொய்யில் வயிறு நிறையும், புரதம் இருக்காது, கால் வளையும், இறகு முளைக்காது. ஆறு வாரம் வரை 20 விழுக்காடு அளவில் புரதமுள்ள குஞ்சுத் தீனி போடுங்கள். பத்துக் குஞ்சுக்கு அந்த ஆறு வாரத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 10 கிலோ, தாய்க்கு மேலும் நாலைந்து கிலோ. தாயும் அதையே தின்னட்டும், முட்டையிடாத காலத்தில் அதற்கு அது போதும். நொய், கீரை, கறையான் எல்லாம் பக்கத்தீனி. பழைய சோறு நம் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். ஒரு விரற்கடை ஆழத்திலும் குஞ்சு மூழ்கிச் சாகும்.

மூன்று வாரம் நன்றாக ஓடிய குஞ்சுகள் இறகைச் சிலுப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாகின்றன. எச்சத்தில் ரத்தம்.

ரத்தக் கழிச்சல். எச்சத்தில் வரும் கிருமியின் முட்டை ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வரும். அதைக் குஞ்சு கொத்தித் தின்கிறது. ஆகவே ஒரே ஈர மண்ணில் அடைத்து வைத்தால் தப்பாது. ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் கால்நடை மருந்துக் கடையில் வாங்கிப் பொட்டலத்தில் போட்ட அளவுப்படி குடிநீரில் கலந்து கொடுங்கள். அந்த நாள்களில் வேறு தண்ணீர் எட்டக்கூடாது. கூடையை ஒவ்வொரு நாளும் புது இடத்துக்கு நகர்த்துங்கள், தீனியைத் தரையில் இறைக்காதீர்கள்.

எச்சம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, பெரிய கோழியும் சேர்ந்து செத்தால் அது வெள்ளைக் கழிச்சல், மலாய்க்காரர்கள் சம்பார் ஆயாம் என்பார்கள். அதற்கு மருந்தில்லை, தடுப்பு மருந்துதான். கம்பத்துக் கோழிகளுக்கென்றே வெப்பம் தாங்கும் வி4-யூபிஎம் தடுப்பு மருந்து 1980களில் செர்டாங்கில் உள்ள அன்றைய பெர்த்தானியன் பல்கலைக்கழகத்தில், இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், உருவாக்கப்பட்டது. மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் இப்போது என்ன மருந்து கிடைக்கிறது என்று கேளுங்கள். ஒரு குப்பி நூறு கோழிக்கும் மேல் வரும், திறந்தால் சில மணி நேரத்தில் முடிக்கவேண்டும். லயத்தில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டால் செலவும் குறையும், நோய் வீட்டுக்கு வீடு தாவுவதும் நிற்கும்.

கண்ணோரமும் அலகோரமும் கறுப்புக் கொப்புளம் வந்தால் அம்மை, கொசு பரப்புவது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவுவதோடு, கண் மூடிய குஞ்சுக்குக் கையால் தண்ணீரும் தீனியும் கொடுங்கள். பார்வை தெரியாமல் பட்டினியில் சாவதுதான் அதிகம்.

கடையில் வாங்கிய ஒருநாள் குஞ்சுகளை அடைக்கோழியிடம் சேர்க்க முடியுமா?

முடியும், கோழி இரண்டு வாரமாவது படுத்திருந்தால், குஞ்சு ஒன்றிரண்டு நாள் வயதுக்குள் இருந்தால். இருட்டிய பிறகு, முட்டைக்குப் பதில் போட்டிருந்த பந்தை எடுத்துவிட்டு இரண்டு குஞ்சை அடியில் செருகுங்கள். கேறும் குரல் மெல்ல மாறினால் மீதியையும் செருகலாம். விடியுமுன் எழுந்து பக்கத்தில் இருங்கள். கொத்தினால் உடனே பிரித்துவிடுங்கள். பிராய்லர் குஞ்சு வேண்டாம், மூன்றே வாரத்தில் தாயின் இறக்கைக்கடியில் கொள்ளாது. வாத்து முட்டை வைப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். வாத்துக்கு 28 நாள், செராத்தி வாத்துக்கு 35 நாள். கோழி முட்டையோடு கலக்காதீர்கள், ஒரு கோழிக்கு ஐந்தாறு போதும்.

அடை வேண்டாம், முட்டைதான் வேண்டும். தண்ணீரில் முக்கினால் தெளியுமா?

பாவம், நனைந்த கோழி நனைந்த அடைக்கோழியாகத்தான் திரும்ப வரும். அடியில் காற்றுப் போகும் கம்பிக் கூண்டை இரண்டு கல்மேல் தூக்கி வைத்து, புல் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். நெஞ்சுத் தோலின் சூடு தணிந்தால் அடை தணியும். முட்டையிட இன்னும் ஒன்றிரண்டு வாரமாகும்.

தாயோடு குஞ்சை எப்போது வெளியே விடுவது? எத்தனை நாள் தாய் பார்த்துக்கொள்ளும்?

முதல் பத்து நாள் பஞ்சாரத்திலோ கூண்டிலோ. பருந்தும் காக்கையும் பகலில், எலியும் மூசாங்கும் (மரநாயும்) பாம்பும் இரவில். ஒரு இஞ்சுக் கோழிவலைக்குள் எலி புகுந்துவிடும், அரை இஞ்சு வெல்டிங் வலை போடுங்கள், அடிப்பக்கத்துக்கும் சேர்த்து. அதன்பின் காலைப் பனி காய்ந்த பிறகு விட்டு, மழை மேகம் கட்டினால் அடைத்துவிடுங்கள். இறகு முளைக்காத குஞ்சு ஒரு மழையில் விறைத்துப் போகும்.

தோட்டத்துப் பக்கம் விடுபவர்களுக்கு ஒன்று. செம்பனை அடியில் வைக்கும் எலி மருந்துக் கட்டியில் சோளம் கலந்திருக்கும், கோழி கொத்தும். மருந்து வைக்கும் வாரத்தை மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) கேட்டு அப்போது அடைத்து வையுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை. ஆனாலும் வேறு களைக்கொல்லி தெளித்த புல்லில் காயும்வரை மேயவிடாதீர்கள்.

ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் தாய் குஞ்சைக் கொத்தி விரட்டத் தொடங்கும், திரும்பவும் சேவலோடு சேரும். அப்போது குஞ்சைத் தனிக் கூண்டுக்கு மாற்றலாம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்றிரண்டாகப் பிரித்தால் மிஞ்சியதைப் பெரிய கோழிகள் கொத்தும். குச்சிமேல் ஏறப் பழகும்வரை இரவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும் என்பதால் மூலைகளைப் பலகை வைத்து வளைத்துவிடுங்கள்.